கன்னி: கழிவதும் இழப்பதும்

தமிழில் ‘கன்னி’ என்ற பெயரோடு இரண்டு வினைகள் சேர்ந்து வருகின்றன. நாட்டு வழக்கில் கன்னி கழியும். கன்னி கழியாத பெண் என்றால் கலியாணம் ஆகாதவள்; தாலி ஏறியதும் அவளுக்குக் கன்னி கழிந்துவிட்டது என்பார்கள். பத்திரிகைத் தமிழிலோ கன்னித்தன்மை இழக்கப்படும். முதல் வினை காலத்துக்கு உரியது. ஆடி மாதம் கழிகிறது, இரவு கழிகிறது, தீட்டுக் கழிகிறது. அங்கே எவரும் எதையும் தொலைத்துவிட்டு நிற்பதில்லை. இரண்டாம் வினை உடைமைக்கு உரியது. நிலத்தை இழக்கிறோம், நகையை இழக்கிறோம், இழந்ததை எண்ணி அழுகிறோம். ஒரே பெயரை ஒரு வினை பருவமாகவும் மற்றொன்று பொருளாகவும் பார்க்கிறது. இவற்றுள் எது மூத்த பார்வை என்பதே இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி. கன்னி என்பதன் அடிப்பொருள் ஒன்றின் தொடக்க வாசலில் நிற்கும் நிலை. உடல் தூய்மை என்ற பொருள் அதிலிருந்து கிளைத்த ஒன்று, பின்னாளில் அடிமரத்தையே மறைக்கும்படி வளர்ந்த கிளை. இதற்கான சான்றுகளை முன்வைக்கிறேன். எதிர்வாதங்களையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். ‘கன்யா’ என்ற வடசொல் ரிக்வேதத்திலேயே வழங்குகிறது. அதற்குக் காரணம் சொல்ல முயன்றவர்களில் மிகப் பழையவர் யாஸ்கர். நிருக்தத்தில் அவர் ஒன்றுக்கு நான்காக விளக்கம் தருகிறார்: விரும்பத்தக்கவள், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று எண்ணப்படுபவள், விரும்புபவனால் கொண்டுவரப்படுபவள், ஒளிர்பவள். ஒரு சொல்லுக்கு நான்கு வேர் காட்டுபவருக்கு ஒன்றிலும் உறுதியில்லை என்று பொருள். ஆனால் இரண்டாம் விளக்கத்தில், பெண்ணைப் பெற்ற ஒரு வீட்டின் கவலை முழுவதும் கேட்கிறது. மொழிநூலாக இல்லாவிட்டாலும் அது நல்ல சமூகவியல். இன்றைய ஒப்பியல் மொழிநூலார் வேறு வழியில் போகிறார்கள். இளையவன் என்ற பொருளுடைய ‘கனீயஸ்’, எல்லாரிலும் இளையதைக் குறிக்கும் ‘கனிஷ்ட’ ஆகியவற்றோடு கன்யாவைச் சேர்க்கிறார்கள். பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவிலும் பெண்பிள்ளைக்கு இதற்கு இனமான சொல் உண்டு. புதியது என்ற பொருளுடைய ‘கைனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பார் உண்டு. கண்ணின் கருமணிக்கு வடமொழியில் ‘கனீனிகா’ என்று பெயர். குட்டிப் பெண் என்பதுதான் அதன் பொருள். எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் சிறு உருவம் தெரிவதால் வந்த பெயர். நாம் அதையே பாவை என்கிறோம், பாவை நமக்கும் இளம்பெண்ணே. இத்தனை உறவுச் சொற்களிலும் இளமை இருக்கிறது, சிறுமை இருக்கிறது, புதுமை இருக்கிறது. தூய்மை ஒன்றிலும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கன்னி தமிழ்ச் சொல்லே, வடமொழிதான் நம்மிடம் கடன் பெற்றது என்று தேவநேயப் பாவாணரும் அவர் வழிவந்தோரும் கொண்டனர். கன்று என்ற சொல்லைப் பேச்சில் கன்னு என்கிறோமே, கன்னுக்கும் கன்னிக்கும் உறவில்லையா என்று கேட்பாரும் உண்டு. கேள்வி அழகானது. ஆனால் றகரம் கரைந்து கன்று கன்னு ஆவதும் நின்று நின்னு ஆவதும் பேச்சு வழக்கின் திரிபுகள். கன்று என்ற வடிவம் றகரத்தோடு நிலைபெற்றிருக்கும் பழைய இலக்கியத்திலேயே கன்னி என்ற வடிவமும் பக்கத்தில் இருக்கிறது. பிந்திய திரிபை முந்திய சொல்லுக்கு வேராக்க முடியாது. சந்த்யா என்பது தமிழில் சந்தி ஆனதைப் போலக் கன்யா கன்னி ஆயிற்று என்பதும், ஈரானிய மொழியில் உறவுச் சொல் இருப்பதும் சேர்ந்து என்னை வடமொழிப் பக்கமே சாய்க்கின்றன. ஆனாலும் இந்த வழக்கில் தீர்ப்பு எப்படிப் போனாலும் என் வாதத்துக்குக் கேடில்லை. கன்றோடு இணைத்தாலும் கிடைக்கும் பொருள் இளமைதான்.

வேர்ப்பொருள் ஒன்றாகவும் வழக்குப்பொருள் வேறாகவும் இருக்கலாமே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. சொல்லின் பொருளை வேர் ஆள்வதில்லை, வழக்குத்தான் ஆள்கிறது. அதனால் வழக்கைப் பார்ப்போம். பாணினியின் 4ஆம் அத்தியாயம் முதற் பாதத்தில் 116ஆம் சூத்திரம், கன்யாவின் மகனுக்குக் ‘கானீனன்’ என்ற சொல் அமைவதற்கு விதி சொல்கிறது. கன்னிக்கு மகன் எப்படி என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கிறித்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பதஞ்சலிக்கும் அப்படித்தான் தோன்றியது. மகாபாஷ்யத்தில் அவரே கேட்கிறார்: கன்னி என்றால் பிள்ளை இருக்க முடியாது, பிள்ளை இருந்தால் கன்னியாக இருக்க முடியாது, இது முரண் அல்லவா? விடையும் தருகிறார். முறைப்படி ஒருவனோடு இணைக்கப்பட்டு, அதன்பின் நிகழும் கூட்டத்தினால்தான் கன்யா என்ற சொல் ஒருத்தியை விட்டு நீங்குகிறது. அந்த இணைப்புக்கு முன்னால் ஆடவனைக் கூடியவளை அந்தச் சொல் விடுவதில்லை. இலக்கணக்காரரின் மொழியில் சொன்னால் கன்னி கழிவது மணத்தால், உடலால் அல்ல. நம் கிராமத்து வழக்கும் பதஞ்சலியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

கானீனன் வெறும் இலக்கண உதாரணமும் அல்லன். மனுஸ்மிருதி எண்ணும் பன்னிரண்டு வகை மகன்களில் அவனும் ஒருவன். அவனுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. கர்ணன் கானீனன். பாரதத்தைத் தொகுத்த வியாசரே கானீனர். குந்தி தயங்கும்போது சூரியன் அவளுக்கு ஒரு சொல்லாராய்ச்சி வகுப்பே நடத்துகிறான்: எல்லாரையும் விரும்பும் உரிமை இருப்பதால்தான் உனக்குக் கன்யா என்று பெயர், நீ சுதந்திரமானவள் என்கிறான். வேர் காட்டுவதில் அவனும் யாஸ்கரைப் போலத்தான், நம்ப முடியாது. காரியம் ஆக வேண்டியவன் சொல்லும் சொல்லிலக்கணம் வேறு. ஆனாலும் கேட்பவள் ஏற்கும்படி அப்படிச் சொல்ல இடம் இருந்தது என்பதே சான்று. எதிர்த்தரப்பு இங்கே தன் வலுவான அம்பை எடுக்கும். அதே சூரியன் குந்திக்கு மீண்டும் கன்னியாவாய் என்று வரம் தருகிறானே, அதே வரத்தைப் பராசரர் சத்தியவதிக்குத் தருகிறாரே, ஐவரை மணந்த பாஞ்சாலி ஒவ்வொரு மணத்தின்போதும் மீண்டும் கன்னியானாள் என்று பாரதம் சொல்கிறதே. போகாத ஒன்றைத் திருப்பித் தர வரம் எதற்கு? ஒப்புக்கொள்கிறேன். உடல் தூய்மை என்ற பொருள் இதிகாசத்துக்குள் நுழைந்துவிட்டது. ஒரே காட்சியில் இரண்டு பொருள்களும் மோதுகின்றன. சொல்லாராய்ச்சி பழைய பொருளைப் பேசுகிறது, வரம் புதிய பொருளுக்கு அஞ்சுகிறது. பதஞ்சலி அந்தக் கேள்வியை எழுப்ப நேர்ந்ததும் அதே மோதலால்தான். ஆனால் பழைய பொருள் தோற்று ஓடிவிடவில்லை. காலையில் நினைக்கத்தக்கவர்கள் என்று மரபு சொல்லும் பஞ்ச கன்னியர் அகலிகை, திரௌபதி, குந்தி, தாரை, மண்டோதரி. குந்திக்குப் பதில் சீதையைச் சொல்வாரும் உண்டு. ஐவருமே மணமானவர்கள்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விந்தையும் இல்லை. கிரேக்கத்தில் கன்னிக்குப் ‘பார்த்தெனோஸ்’ என்று பெயர். மணமாகாதவளுக்குப் பிறந்த மகனை அங்கே ‘பார்த்தெனியோஸ்’ என்றார்கள். இலியத்தில் அப்படி ஒரு வீரன் வருகிறான். அவன் கிரேக்கத்துக் கானீனன். விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், வன்கொடுமைக்கு ஆளான தீனாளை அதற்குப் பிறகும் பார்த்தெனோஸ் என்றே ஆதியாகமம் சொல்கிறது. ஏசாயா நூலின் ஏழாம் அதிகாரத்தில் வரும் எபிரேயச் சொல் ‘அல்மா’, இளம்பெண். அதைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் பார்த்தெனோஸ் ஆக்கினார்கள். மத்தேயு அதை எடுத்தாண்டார். சொல்லின் ஒரு கிளை உலகச் சமயம் ஒன்றின் நம்பிக்கையையே தாங்க நேர்ந்தது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு ஏசாயாவிலும் கன்னிகை என்றே எழுதிற்று. 1995இல் வந்த திருவிவிலியம் ஏசாயாவில் இளம்பெண் என்றும் மத்தேயுவில் கன்னி என்றும் எழுதுகிறது. நம்பிக்கையைத் தொடாமல் இரண்டு மூலங்களுக்கும் நேர்மையாக நடந்துகொண்ட மொழிபெயர்ப்பு என்பேன்.

இனித் தமிழ். ஐங்குறுநூற்றின் 68ஆம் பாட்டு மருதத்தில் வருவது. அங்கே கன்னி என்ற சொல் எந்தப் பெண்ணையும் குறிக்கவில்லை. விடியலுக்கு அடைமொழியாக நிற்கிறது. பொழுது இன்னும் முழுதாகப் புலராத வேளை, ஆம்பல் மலரும் நேரம். விடியலுக்கு முந்திய இருளைக் குமரி இருட்டு என்று சொல்லும் வழக்கும் உண்டு. குமரியும் கன்னியும் தமிழில் இரட்டைப் பிறவிகள் போல நடப்பவை, ஒன்றுக்குக் கிடைத்த பொருள் மற்றதற்கும் கிடைக்கும். இருட்டு கற்புடையதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பகல் தொடங்கும் வாசலில் நிற்கிறது, அவ்வளவே. பகைவர் கைப்படாத கோட்டைச் சுவர் கன்னி மதில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி கன்னிக்கு இளமை, புதுமை, அழிவின்மை என்றெல்லாம் பொருள் தருகிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கன்னி ஓர் ஆறு. அரசன் அவளைக் கூடினாலும் காவிரி ஊடுவதில்லை என்று பாடப்படுகிறது. கூடிய பிறகும் அவள் பெயர் கன்னியாகவே இருக்கிறது.

எல்லாம் உருவகம்தானே, தீண்டப்படாத பெண்ணை வைத்துத் தீண்டப்படாத மதிலைச் சொன்னார்கள், இதிலிருந்து அடிப்பொருள் எப்படிக் கிடைக்கும் என்று ஒருவர் கேட்கலாம். மதிலுக்கு அந்த விளக்கம் பொருந்தும். விடியலுக்குப் பொருந்தாது. இரண்டு மலையாள வழக்குகளுக்கு அறவே பொருந்தாது. மலையாளத்தில் தலைப்பிரசவம் ‘கன்னிப் பிரசவம்’. அடிப்பொருள் உடல் தூய்மையாக இருந்திருந்தால் இந்தத் தொடர் பைத்தியக்காரத்தனம். முதல் தடவை என்பதுதான் அடிப்பொருள் என்றால் அது இயல்பான மொழி. தேர்தலில் முதன்முறை நிற்பவரின் போட்டியை அங்கே ‘கன்னியங்கம்’ என்கிறார்கள். நாம் பேறுகாலத்துக்குத் தலையைப் பயன்படுத்துகிறோம்: தலைப்பிரசவம், தலைச்சன் பிள்ளை, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தலையீத்து. ஆகவே கன்னிக்கு அந்த வேலை தமிழில் தேவைப்படவில்லை.

சட்டமன்றத்தில் கன்னிப் பேச்சு, கப்பலின் கன்னிப் பயணம் என்று தமிழிலும் உண்டே என்று நினைவூட்டினால், அவற்றை நானே சான்றிலிருந்து விலக்கிவிடுகிறேன். அவை ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த தொடர்கள். ஆனால் கார்த்திகை பிறந்ததும் தெருத்தெருவாகக் கேட்கும் ‘கன்னிசாமி’ என்ற சொல்லை ஆங்கிலம் தரவில்லை. முதன்முறை மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர் கன்னிசாமி. அவர் ஐம்பது வயதில் பேரன் எடுத்த ஆணாக இருக்கலாம். அடுத்த ஆண்டு அவர் கன்னி அல்லர். எதையும் இழந்ததால் அல்ல, ஒரு முறை போய்வந்ததால். எருமேலியிலிருந்து எடுத்துச் செல்லும் சரத்தை, அதாவது அம்பை, கன்னிசாமிகள் சரங்குத்தி என்ற இடத்தில் குத்துகிறார்கள். கன்னிசாமி ஒருவரும் வராத ஆண்டில் உன்னை மணப்பேன் என்று ஐயப்பன் மாளிகைப்புறத்து அம்மனுக்கு வாக்குக் கொடுத்ததாக ஐதிகம். மகரவிளக்கு முடிந்ததும் அம்மன் சரங்குத்தி வரை எழுந்தருளி, குவிந்து கிடக்கும் சரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். மணத்துக்குக் காத்திருக்கும் கன்னி ஒருத்தி, அவள் மணத்தைத் தடுக்கும் ஆண் கன்னிகள் பல்லாயிரம். இந்தச் சொல்லின் இரண்டு முகங்களையும் ஒரே இடத்தில் நிறுத்தும் வழிபாடு வேறு எதையும் நான் அறியேன்.

வழிபாட்டைத் தொட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் வரிசையாக ஏழு கற்களாக நிற்கும் கன்னிமாரை, கோயிலுக்குள் இருக்கும் சப்த மாதரோடு ஒன்றாக்கிச் சப்த கன்னியர் என்று நம்மவர்கள் வழங்குகிறார்கள். பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி ஆகிய அந்த எழுவர் வடமொழியில் மாதாக்கள், தாய்மார்கள். அதே எழுவர் தமிழில் கன்னியர். இரண்டு வேறு வழிபாடுகள் பின்னால் கலந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை. கலந்தபோது தாய் என்பதும் கன்னி என்பதும் ஒன்றையொன்று உதைக்கவில்லையே, அதுதான் எனக்கு வேண்டிய செய்தி. கன்னிமூலையை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். தென்மேற்கு மூலைக்கு அந்தப் பெயர் வந்தது சாதகக் கட்டத்தால். கிழக்கை மேலே வைத்துப் பார்த்தால் கன்னி ராசி தென்மேற்குக் கட்டத்தில் விழும். பெண்ணுக்கும் அந்த மூலைக்கும் சம்பந்தமில்லை. அந்த ராசிக்கு வராகமிகிரர் ‘பாதோன’ என்றும் ஒரு பெயர் தருகிறார், அது பார்த்தெனோஸ் என்ற கிரேக்கச் சொல்லின் திரிபு.

தூய்மைப் பொருளை நான் ஒரேயடியாக மறுப்பதாக யாரும் கொள்ளவேண்டாம். கன்னிமாடம் காவலுக்காகவே கட்டப்பட்டது. கன்னியழித்தல் என்ற கொடுஞ்சொல் நம் அகராதியில் இருக்கிறது. அந்தக் கிளை எப்படி வளர்ந்தது என்பதற்கும் தடயம் உண்டு. பராசர ஸ்மிருதி எட்டு வயதுப் பெண்ணைக் கௌரி என்றும், ஒன்பது வயதுப் பெண்ணை ரோகிணி என்றும், பத்து வயதுப் பெண்ணைக் கன்யா என்றும் வகுத்து, பூப்புக்கு முன்னால் கொடுத்துவிடும்படி தந்தையை அவசரப்படுத்துகிறது. கானீனனுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்த உலகம் சுருங்கிச் சுருங்கி, கன்னி என்பது தந்தை கையிலிருந்து கணவன் கைக்குச் சேதமின்றிப் போக வேண்டிய சரக்கானது. கன்னிகாதானம் என்ற சொல்லில் தானப் பொருளாக இருப்பவள் அவள். பருவம் உடைமையானது அங்கேதான். உடைமை என்று ஆனபின் இழப்பு வரும், இழப்பு வந்தபின் சோதனை வரும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் நடத்தப்பட்ட இருவிரல் சோதனை அவர்களின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2022 அக்டோபர் 31 அன்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், காவலில் உள்ள பெண்ணிடம் கன்னித்தன்மைச் சோதனை நடத்துவது அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் சோதனைக்கு ஆளானவர் ஒரு கன்னியாஸ்திரி. அந்தச் சொல்லையும் சற்றுக் கவனியுங்கள். பிள்ளைகள் பெற்ற கைம்பெண்ணாகிய ழான் தெ ஷாந்தால் 1610இல் இன்றைய பிரான்சின் எல்லைக்குள் ஒரு துறவற சபையை நிறுவினார். தமிழில் அவரைக் கன்னியாஸ்திரி என்றுதான் சொல்வோம், அதில் எந்தத் தயக்கமும் நமக்கு இருக்காது.

கடைசியாக, என் வாதத்துக்கு மிகப் பெரிய தடையாகச் சொல்லப்படக்கூடிய இடத்துக்கு வருகிறேன்: குமரிமுனை. பெயரிலேயே கன்னியும் குமரியும் சேர்ந்து நிற்கும் ஊர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, அங்கே வாழ்வை நோன்புக்கு ஒப்படைக்க விரும்புவோர் வந்து நீராடி மணமின்றித் தங்குகிறார்கள், முன்பு ஒரு தெய்வமகள் அங்கே தங்கி நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று குறிக்கிறது. இது தூய்மை அல்லாமல் வேறு என்ன என்று கேட்பார்கள். அந்தக் கையேடு முதலில் சொல்வது ஆண்களை. பெண்களும் அவ்வாறே செய்கிறார்கள் என்பது அடுத்துத்தான் வருகிறது. அது நோன்பு, எவரும் தாமே ஏற்பது, எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அம்மனின் கதையோ இன்னும் தெளிவு. பாணாசுரனுக்குக் கன்னி ஒருத்தியின் கையால்தான் சாவு. சுசீந்திரத்துச் சிவனுக்கும் அம்மனுக்கும் மணம் பேசி, விடியலுக்கு முன்னான முகூர்த்தமும் குறித்தாயிற்று. மணம் நடந்தால் அசுரன் சாவு தப்பிவிடும் என்று, நடுவழியில் நாரதர் சேவலாகக் கூவிவிடுகிறார். விடிந்துவிட்டது, நேரம் தப்பிவிட்டது என்று மாப்பிள்ளை திரும்பிப் போகிறார். மணம் தடைப்பட்ட இந்த இடத்தில் ஒருவரும் அவளைத் தொட முயலவில்லை, அவள் உடலுக்கு யாரும் காவல் நிற்கவில்லை. கெட்டது நேரம் மட்டுமே. பொய்யாய்க் கூவிய ஒரு விடியலால் அவளுக்குக் கன்னி கழியாமல் நின்றுவிட்டது. கலியாணச் சோற்றுக்கு அளந்து வைத்த அரிசி உலையேறாமல் கிடந்து மணலாயிற்று என்கிறார்கள். குமரிக் கடற்கரையில் இன்றும் அரிசி போன்ற அந்த மணலை விற்கிறார்கள்.